இருதய சத்திரசிகிச்சையும் மார்புக் காயமும்

உடலின் உறுப்புகளுள் இருதயமே நெடுங்காலமாகச் சத்திரவைத்தியரின் கைக்கு எட்டாதிருந்தது. ஓயாது துடித்துக்கொண்டிருக்கும் உறுப்பின் உள்ளே கைவைத்தல் அரிது. அதனை நிறுத்தினாலோ சில நிமிடங்களுள் மூளை இரத்தமின்றி அழிந்துவிடும். இந்த இக்கட்டிலிருந்து மீளும் வழியை 1953ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜோன் கிபன் என்னும் வைத்தியர் காட்டினார். இரத்தத்தை உடலுக்கு வெளியே கொண்டுசென்று, ஒட்சிசன் ஊட்டி, மீண்டும் உடலினுள்ளே செலுத்தும் இயந்திரமொன்றின் துணைகொண்டு, 18 வயதுப் பெண்ணொருத்தியின் இருதய மேலறைகளுக்கிடையே இருந்த துவாரத்தை அவர் தைத்து மூடினார். அவள் பிழைத்தாள். அன்று அதிசயமாகக் கருதப்பட்ட இச்சிகிச்சை இன்று பெரிய வைத்தியசாலைகளின் அன்றாடப் பணிகளுள் ஒன்றாகிவிட்டது. அடைபட்ட முடியுருநாடிகளுக்கு மாற்றுவழி அமைத்தலும், பழுதுற்ற வால்வுகளை மாற்றுதலும், பிறவிக் குறைகளைச் சீர்செய்தலும் இதன் வழியாகவே நடைபெறுகின்றன.

ஆயினும் இருதயம் சீர்பெற்ற அளவிலே நோயாளியின் ஆபத்து முழுவதும் நீங்கிவிடுவதில்லை. இருதயத்தை அடையும்பொருட்டுப் பிளக்கப்பட்ட மார்பு மீண்டும் பொருந்தி ஆறுதல் வேண்டும். அந்தக் காயத்தினுள்ளே கிருமி புகுந்துவிடுமாயின், வைத்தியர் பெற்ற வெற்றி தோல்வியாக மாறவும் கூடும். தோலோடு நின்றுவிடும் தொற்று எளிதில் ஆறுவது. எலும்புக்கும் அதன் பின்னாலுள்ள இருதயப் பகுதிக்கும் இறங்கும் ஆழ்ந்த தொற்றோ கொடியது. சிகிச்சை பெறுவோரில் நூற்றுக்கு ஒருவர் முதல் நால்வர் வரை இதற்கு ஆளாவதாக வைத்தியசாலைகளின் கணக்குகள் பொதுவாகக் கூறுகின்றன. தொகை சிறிதெனத் தோன்றலாம். ஆனால் அவ்வாறு பீடிக்கப்பட்டோருள் பத்துக்கு ஒருவரோ, அதற்கும் மேற்பட்டோரோ உயிரிழந்தனர் எனப் பல கணக்குகள் காட்டுவதை நோக்கும்போது, இதன் கடுமை நன்கு விளங்கும். உயிர் தப்பியோரும் வாரக்கணக்கிலே படுக்கையில் கிடந்து, மீண்டும் மீண்டும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குச் செல்ல நேர்கின்றது. இத்துயரத்தின் பெரும்பகுதி தடுக்கக் கூடியது என்பதே மருத்துவ உலகம் சென்ற சில பத்தாண்டுகளிலே கற்ற பாடம்.

மார்பின் நடுவே, கழுத்தின் அடியிலிருந்து மேல்வயிறு வரை தட்டையாக அமைந்திருக்கும் எலும்பே மார்பெலும்பு எனப்படுவது. விலாவெலும்புகள் இருபுறமிருந்தும் வந்து இதனோடு இணைகின்றன. இதனை நெடுக்காகப் பிளந்து மார்பினுட் செல்லும் வழியை 1897இல் கெய்ரோ நகரிற் பணியாற்றிய ஹேர்பேட் மில்டன் என்னும் ஆங்கிலேய வைத்தியர் எடுத்துரைத்தார். பல ஆண்டுகள் அம்முறை பெரிதும் கவனிக்கப்படாதிருந்தது. 1957இல் சிக்காகோ நகரைச் சேர்ந்த ஓர்மண்ட் ஜூலியனும் அவர்தம் துணைவரும் இருதய சத்திரசிகிச்சைக்கு இதுவே சிறந்த வாயில் எனக் காட்டிய பின்னர், உலகெங்கும் இது கைக்கொள்ளப்பட்டது. வேலை முடிந்ததும் இரு பாதிகளையும் ஒன்றாகச் சேர்த்துத் துருப்பிடியாத உருக்குக் கம்பிகளால் இறுகக் கட்டிவிடுவர். எலும்பு ஒட்டிப் பலம்பெற ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை செல்லும்.

இந்தக் காயத்துக்குச் சில தனிப்பட்ட குறைபாடுகள் உண்டு. தொடையிலோ வயிற்றிலோ உள்ளதுபோல இவ்வெலும்பின் நடுப்பகுதியைத் தடித்த தசை மூடியிருப்பதில்லை. தோலும் சிறிதளவு கொழுப்புமே அதன் போர்வை. காயம்பட்ட காலை ஓய்வாக வைத்திருக்கலாம், மார்புக்கோ ஓய்வில்லை. ஒவ்வொரு மூச்சிலும் அது விரிந்து சுருங்குகின்றது. ஒவ்வொரு இருமலும் கட்டிய எலும்பைப் பிரித்துவிட முயல்கின்றது. கட்டுத் தளர்ந்து எலும்பின் விளிம்புகள் ஒன்றோடொன்று உராயுமாயின், அவ்விடைவெளியில் நீர் தேங்குகின்றது. தேங்கிய நீரே கிருமி பெருகுவதற்கு ஏற்ற இடம். அதற்கு அப்பால் இருப்பது இருதயம்; இடையே பெரிய அரண் எதுவுமில்லை.

இனி, காயத்தினுட் புகும் கிருமி யாது, அஃது எங்கிருந்து வருகின்றது என்பது அடுத்த வினா. 1880ஆம் ஆண்டளவில் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் அலெக்சாந்தர் ஒக்ஸ்டன் என்னும் சத்திரவைத்தியர், கட்டிகளிலிருந்து எடுத்த சீழை உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் வைத்து ஆராய்ந்தபோது, திராட்சைக் குலைபோலத் திரண்டு கிடந்த உருண்டையான நுண்ணுயிர்களைக் கண்டார். குலை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு அவற்றுக்கு ஸ்டபிலோகொக்கஸ் எனப் பெயரிட்டார். அவற்றுள் பொன்னிறமாக வளரும் இனம் பின்னர் ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் எனப்பட்டது. மார்புக் காயங்களிற் கொடிய தொற்றை விளைவிப்பது பெரும்பாலும் இவ்வினமே. இதன் உறவான மற்றோர் இனம் எவருடைய தோலிலும் அமைதியாக வாழ்வது. எனினும் உருக்குக் கம்பியின்மேற் படிந்து, பாசிபோன்ற படலத்தைப் போர்த்துக்கொண்டு, பல நாள் கழித்து மெல்ல நோயை உண்டாக்கவல்லது. குடலிலும் நுரையீரலிலும் வாழும் வேறு சில கிருமிகளும் சிற்சில வேளைகளிலே காயத்தை வந்தடைகின்றன.

பொன்னிறக் கிருமி தங்குமிடம் பலருக்கு வியப்பளிக்கும். ஏறத்தாழ மூவரில் ஒருவரின் மூக்கின் முன்பகுதியில் அது குடியிருக்கின்றது. அவர்களுக்கு நோயில்லை; சளியில்லை; வலியில்லை. அங்கிருந்து அது விரல்களுக்கும் தோலுக்கும் பரவுகின்றது. தோல் முழுமையாக உள்ளவரை தீங்கில்லை. கத்தி தோலைக் கீறியதும் அதற்கு வாயில் திறந்துவிடுகின்றது. ஆகவே காயத்தைக் கெடுக்கும் பகைவன் பெரும்பாலும் நோயாளியுடனேயே வைத்தியசாலைக்கு வருகிறான் எனலாம்.

இந்த உண்மையை அடிப்படையாகக்கொண்டு நெதர்லாந்து நாட்டு வைத்தியசாலைகளில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2010இல் வெளியாயிற்று. வைத்தியசாலைக்கு வந்தோரின் மூக்கிலிருந்து பஞ்சினால் ஒற்றியெடுத்துப் பரிசோதித்து, பொன்னிறக் கிருமி உள்ளோரை இரு பிரிவாக வகுத்தனர். ஒரு பிரிவினருக்கு மியூபிரோசின் என்னும் களிம்பை மூக்கினுட் பூசி, குளோரெக்சிடின் கலந்த சவர்க்காரத்தால் ஐந்து நாள் உடலைக் கழுவச் செய்தனர். மற்றப் பிரிவினருக்குக் கொடுத்த களிம்பிலும் சவர்க்காரத்திலும் மருந்து இல்லை. மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 3.4 பேருக்கும், பெறாதோரில் நூற்றுக்கு 7.7 பேருக்கும் அக்கிருமியினால் தொற்று உண்டாயிற்று. ஆழ்ந்த காயத் தொற்றிலே இவ்வேற்றுமை இன்னும் பெரிதாயிருந்தது. சிறிய களிம்புக் குழாயும் சவர்க்காரமும் தொற்றைப் பாதியாகக் குறைத்தன. 2016இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி நூலும், மூக்கில் இக்கிருமி உள்ளவர்கள் இருதய சத்திரசிகிச்சைக்கு முன்னர் இக்களிம்பைப் பெறல் வேண்டும் என உறுதியாகப் பரிந்துரைத்தது.

சிகிச்சைக்கு முந்திய நாட்களில் நோயாளி தாமே செய்யக்கூடியவையும் பலவுண்டு. புகைபிடித்தலை நான்கு வாரத்துக்கு முன்னராவது நிறுத்துதல் அவற்றுள் முதன்மையானது. புகையிலைப் புகை சிறு இரத்தக்குழாய்களைச் சுருங்கச் செய்து காயம் ஆறுவதைத் தாமதப்படுத்துகின்றது, இருமலையும் மிகுவிக்கின்றது. உடற்பருமன் மிகுந்தோருக்கும், உணவுக் குறைவால் மெலிந்தோருக்கும் ஆபத்து அதிகம். ஆதலின் சிகிச்சைக்கு நாள் குறித்துக் காத்திருக்கும் காலத்தை வீணே கழியவிடாது, நல்ல புரதவுணவு உண்டு உடலைத் தேற்றிக்கொள்ளல் நலம். காலிற் புண், தோற்கட்டி, சிறுநீர்த் தொற்று முதலியன இருப்பின் அவற்றை மறைக்காது சொல்லி, முன்னரே குணப்படுத்திக்கொள்ளல் வேண்டும்.

மார்பு மயிரை நீக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. முன்னாளில் சிகிச்சைக்கு முதல்நாள் இரவே சவரக்கத்தியால் மார்பை வழித்துவிடுவது வழக்கம். சவரக்கத்தி கண்ணுக்குப் புலப்படாத சிறு வெட்டுக்களைத் தோலில் உண்டாக்குகின்றது; இரவு முழுவதும் அவ்வெட்டுக்களிலே கிருமிகள் பெருகுகின்றன. தூய்மை கருதிச் செய்தது தீமையாய் முடிந்தது. ஆகையால் மயிரை இயன்றவரை நீக்காது விடுதல், நீக்கவேண்டுமாயின் மின்கத்தரியால் கத்தரித்துவிடுதல் என்பதே இன்றைய விதி. வீட்டிலே மார்பை வழித்துக்கொண்டு வருவது நன்றன்று.

மருந்தைப் பொறுத்தவரையில், எந்த மருந்து என்பதைப் போலவே எந்த நேரம் என்பதும் முக்கியமானது. இதனை 1992இல் வெளியான ஆய்வொன்று தெளிவாக நிறுவியது. அமெரிக்காவின் சோல்ட் லேக் நகரில் பலவகைச் சத்திரசிகிச்சை பெற்ற 2,847 நோயாளிகளுக்கு, நுண்ணுயிரெதிரி மருந்து எந்த நேரத்திற் கொடுக்கப்பட்டது என்பதைக் கணித்தனர். தோலைக் கீறுவதற்கு முந்திய இரண்டு மணி நேரத்துள் பெற்றோரில் நூற்றுக்கு 0.6 பேருக்கே காயத் தொற்று உண்டாயிற்று. அதற்கும் முன்னதாகப் பெற்றோரில் அது 3.8 ஆகவும், கீறி மூன்று மணி நேரத்துக்குப் பின்னர் பெற்றோரில் 3.3 ஆகவும் இருந்தது. கத்தி தோலைத் தொடும் வேளையில் மருந்து இரத்தத்திலும் இழையங்களிலும் நிறைந்திருத்தல் வேண்டும் என்பதே இதன் பொருள். காலம் தவறிய மருந்து, மழை பெய்து முடிந்த பின்னர் கூரை வேய்வதற்கு ஒப்பாகும். செபசோலின் என்னும் மருந்தை இன்று பெரும்பாலும் கீறலுக்கு முந்திய ஒரு மணி நேரத்துள் ஊசிமூலம் செலுத்துகின்றனர். சிகிச்சை நீளுமாயின் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் கொடுக்கின்றனர். சிகிச்சை முடிந்து இரண்டு நாளுக்கு மேல் இதனைத் தொடர்வதனால் நன்மை இல்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றுவதற்கே அது இடமளிக்கும்.

சத்திரசிகிச்சைக் கூடத்தின் ஒழுங்கு நீண்ட வரலாறு கொண்டது. 1847இல் வியன்னா நகரில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிரசவ விடுதியில் வைத்தியர்கள் கைகழுவ வேண்டுமென வற்புறுத்தித் தாய்மாரின் மரணத்தைக் குறைத்தார். 1867இல் ஜோசப் லிஸ்டர் காபோலிக் அமிலத்தால் காயங்களைக் காக்கும் முறையை வெளியிட்டார். அவ்விருவரும் தொடக்கிய மரபே இன்றும் தொடர்கின்றது. மதுசாரத்திற் கலந்த குளோரெக்சிடினால் மார்புத்தோலைத் துடைத்து உலரவிடுதல், கூடத்தின் கதவை வீணே திறந்து மூடாதிருத்தல், இரட்டைக் கையுறை அணிதல் முதலியன அதன் கூறுகள். எலும்பைச் சரிநடுவே பிளந்து, உறுதியாகக் கட்டுதல் சத்திரவைத்தியரின் பொறுப்பு. பிளந்த எலும்பிலிருந்து கசியும் இரத்தத்தை நிறுத்த மெழுகு பூசும் வழக்கத்தைப் பலர் இப்போது குறைத்துக்கொண்டனர். மெழுகு எலும்பு ஒட்டுவதற்குத் தடையாவதோடு, கிருமிக்கும் புகலிடமாகின்றது.

இயந்திரங்களிடத்தும் விழிப்பு வேண்டும் என்பதை அண்மைக்கால நிகழ்ச்சியொன்று உணர்த்திற்று. சிகிச்சையின்போது இரத்தத்தைக் குளிரூட்டவும் வெப்பமூட்டவும் நீர்த்தொட்டி கொண்ட கருவியொன்று பயன்படுகின்றது. அந்த நீர் நோயாளியின் இரத்தத்தைத் தொடுவதே இல்லை. ஆயினும் அதில் வளர்ந்த மைக்கோபக்ரீரியம் கிமேரா என்னும் மந்தமான கிருமி, நுண்துளிகளாகக் காற்றிற் கலந்து திறந்த மார்பின்மேல் விழுந்தது என்பதைச் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகர் ஆய்வாளர் கண்டறிந்து, 2015இல் வெளியிட்டனர். நோயாளிகள் சிகிச்சைக்குப் பின் மாதங்களும் ஆண்டுகளும் கழித்தே நோயுற்றமையால், காரணத்தைக் காண்பது மிக அரிதாயிருந்தது. அதன் பின்னர் இக்கருவிகளைத் துப்புரவாக்கும் விதிகள் இறுக்கமாக்கப்பட்டன. அவற்றின் காற்று நோயாளியை நோக்கி வீசாதபடி விலக்கி வைக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது.

இருதயத்துக்கு நன்மையானது மார்பெலும்புக்குத் தீமையாகும் இடமும் உண்டு. மார்பெலும்பின் உட்புறத்தே இருமருங்கும் ஒவ்வொரு நாடி ஓடுகின்றது. அடைபட்ட முடியுருநாடிக்கு மாற்றுவழியாக அமைவதில் இந்நாடி தலைசிறந்தது; காலிலிருந்து எடுக்கும் நாளத்தைவிட நெடுங்காலம் திறந்திருக்கும். ஆனால் மார்பெலும்புக்கு இரத்தம் ஊட்டுவதும் இந்நாடியே. இரண்டையும் எடுத்துவிட்டால் எலும்பு பட்டினி கிடக்கும். ஏழு நாடுகளில் 3,102 நோயாளிகளைக்கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் 2016இல் வெளியாயின. ஒரு நாடியை எடுத்தோரில் நூற்றுக்கு 1.9 பேருக்கும், இரு நாடிகளையும் எடுத்தோரில் நூற்றுக்கு 3.5 பேருக்கும் மார்புக் காயத்திற் சிக்கல் உண்டானதாக அவை காட்டின. ஆகவே நீரிழிவோ மிகுந்த உடற்பருமனோ உள்ளவரிடத்து, இரு நாடிகளையும் எடுக்குமுன் வைத்தியர் பலமுறை சிந்திக்கின்றனர். எடுக்க நேரின், சுற்றியுள்ள தசையையும் சிறு கிளைகளையும் இயன்றவரை விட்டுவிட்டு, நாடியை மட்டும் தனியே பிரித்தெடுக்கின்றனர்.

நீரிழிவைப் பற்றித் தனியே கூறுதல் அவசியம். ஏனெனில் தென்னாசிய மக்களிடையே அந்நோய் பெரிதும் பரவியுள்ளது. இரத்தத்திற் சர்க்கரை மிகும்போது, கிருமியை விழுங்கி அழிக்கும் வெண்குருதிக் கலங்கள் சோர்ந்துவிடுகின்றன. சத்திரசிகிச்சையின் அதிர்ச்சியோ சர்க்கரையை மேலும் உயர்த்துகின்றது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் அந்தோனி ஃபர்னரி என்னும் வைத்தியரும் அவர்தம் துணைவரும், 1987 முதல் 1997 வரை இருதய சத்திரசிகிச்சை பெற்ற 2,467 நீரிழிவு நோயாளிகளின் விவரங்களைத் திரட்டினர். முதற்பகுதியினருக்கு இன்சுலின் இடையிடையே தோலின்கீழ் ஊசியாக ஏற்றப்பட்டது. பிற்பகுதியினருக்கு அது நாளத்தின் வழியாக இடைவிடாது செலுத்தப்பட்டது. சர்க்கரையும் அடிக்கடி அளக்கப்பட்டது. ஆழ்ந்த மார்புத் தொற்று முன்னவரில் நூற்றுக்கு 2.0 ஆகவும், பின்னவரில் 0.8 ஆகவும் இருந்ததென 1999இல் அவர்கள் அறிவித்தனர். புதிய மருந்து எதுவும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. பழைய மருந்தை இடைவிடாத கவனத்தோடு கொடுத்தனர். நோயாளியருகே இராப்பகலாக நின்று சர்க்கரையை அளந்த தாதியரின் உழைப்பே அப்பயனைத் தந்தது. இன்று பல வைத்தியசாலைகளில், சிகிச்சைக்குப் பிந்திய நாட்களிலே சர்க்கரையை டெசிலீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேற்படாமல் வைத்திருக்க முயல்கின்றனர். நீரிழிவு இருப்பதையே அறியாதவர் பலர் உளர். அதனால் சிகிச்சைக்கு வரும் எல்லோரிடத்தும் இதனைச் சோதித்தறிதல் நன்று.

நோயாளி வீடு திரும்பிய பின்னர் காவற்பொறுப்பு அவரிடமும் குடும்பத்தாரிடமும் வந்துசேர்கின்றது. இருமலும் தும்மலும் வரும்போது, மடித்த துவாயையோ சிறு தலையணையையோ மார்போடு அணைத்துக்கொள்ளல் வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது கைகளை ஊன்றி உந்தாமல், ஒருபக்கமாகப் புரண்டு, கால்களைக் கீழே தொங்கவிட்டு எழுதல் நன்று. நீர் நிறைந்த வாளி, அரிசிப்பை, ஆசையோடு ஓடிவரும் பேரப்பிள்ளை ஆகிய எதனையும் வைத்தியர் அனுமதிக்கும்வரை தூக்கலாகாது. மார்பகம் பெரிதாயுள்ள பெண்கள் அதனைத் தாங்கும் பொருத்தமான உள்ளாடையை அணிதல் காயத்தின்மீதுள்ள இழுவையைக் குறைக்கும். காயத்தைத் தொடுமுன் சவர்க்காரத்தால் கைகழுவுதல் எல்லாருக்கும் பொதுவிதி. குளித்தபின் காயத்தைத் தேய்க்காது ஒற்றியெடுத்தல் வேண்டும். எண்ணெய், மஞ்சள், பச்சிலைச் சாறு, திருநீறு ஆகியவற்றைத் திறந்த காயத்திற் பூசுதல் அன்பினாற் செய்யப்படினும் ஆபத்தானதே.

தொற்றின் அடையாளங்கள் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரங்களுள் தோன்றுகின்றன. சிலரில் மாதங்கள் கடந்தும் வரலாம். குறையவேண்டிய வலி நாளுக்கு நாள் மிகுதல், காயத்தைச் சுற்றிச் சிவந்து சூடேறல், நீரோ சீழோ கசிதல், நடுக்கத்தோடு காய்ச்சல், காரணமின்றிச் சர்க்கரை ஏறுதல் என்பன கவனிக்கத்தக்கவை. இவற்றுள் மிக முக்கியமானது, மூச்செடுக்கும்போதோ புரளும்போதோ மார்பினுள்ளே எலும்பு அசைந்து ‘கிளிக்’ என ஒலித்தல். எலும்பின் கட்டுத் தளர்ந்துவிட்டது என்பதை அது தெரிவிக்கும். நோயாளர் பலர், மீண்டும் வைத்தியசாலையிற் கிடத்திவிடுவார்களோ என்னும் அச்சத்தினாலும், பிள்ளைகளுக்குத் தொல்லை கொடுக்கலாகாது என்னும் எண்ணத்தினாலும் இவற்றை மறைத்துவிடுகின்றனர். வீட்டிலே மிச்சமிருந்த குளிசைகளை விழுங்கிப் பார்ப்போரும் உளர். அரைகுறை மருந்து காய்ச்சலைத் தணித்து நோயை மூடிவைக்கும். எந்தக் கிருமி என அறியும் வாய்ப்பையும் கெடுத்துவிடும். முதல் துளி கசியும் நாளிலேயே வைத்தியரிடம் செல்பவருக்குப் பெரும்பாலும் எளிய சிகிச்சையே போதுமானது.

தொற்று தோலளவில் நிற்குமாயின், காயத்தின் சிறு பகுதியைத் திறந்து, சீழை வெளியேற்றிச் சுத்தஞ்செய்து, தகுந்த மருந்து கொடுத்துக் குணப்படுத்துவர். ஆழ்ந்த தொற்றாயின் நோயாளியை மீண்டும் கூடத்துக்குக் கொண்டுசென்று, கம்பிகளை அகற்றி, அழுகிய இழையத்தையும் உயிரற்ற எலும்பையும் வெட்டி நீக்கி, எடுத்த துணுக்குகளை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவர். கிருமியின் இனமும், அஃது எம்மருந்துக்கு அடங்கும் என்பதும் தெரிந்தபின் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம், சிலவேளை அதற்கும் மேலாக, மருந்து தொடரும். வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத பொன்னிறக் கிருமியாயின் வான்கோமைசின் போன்ற மருந்துகள் வேண்டப்படும்.

சுத்தஞ்செய்த பின்னர் அப்பெரிய குழியை எவ்வாறு மூடுவது என்பது வைத்தியரை நெடுங்காலம் வருத்திய வினா. தொடக்கத்திலே மார்பைத் திறந்தபடி விட்டு, துணிச்சுருளை உள்ளே திணித்து நாள்தோறும் மாற்றினர். மார்பு நிலையின்றி அசைந்தது. எலும்பின் கூரிய விளிம்பு இருதயத்தைக் கிழித்து இரத்தப்பெருக்கால் இறந்தோரும் உளர். 1963இல் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரைச் சேர்ந்த ஹரிஸ் ஷூமேக்கரும் இசடோர் மண்டல்பாமும், மார்பை மூடிவிட்டுக் குழாய்களின் வழியாக மருந்துநீரைத் தொடர்ந்து செலுத்தி வெளியேற்றும் முறையைக் கூறினர். அதனாற் பலர் பிழைத்தனர். எனினும் எலும்பு மிகக் கெட்டவரிடத்து அது போதவில்லை. 1976இல், குடலின்மேல் திரைபோலத் தொங்கும் கொழுப்புப் படலத்தை மார்புக்குக் கொணர்ந்து குழியை நிரப்பும் முறை விவரிக்கப்பட்டது. 1980இல் அட்லாண்டா நகரின் மோரிஸ் ஜுர்கீவிச்சும் அவர்தம் துணைவரும் மார்புத் தசையையே திருப்பி உள்ளே பொருத்தி வெற்றிகண்டனர். இம்முறைகளின் இரகசியம் இரத்த ஓட்டமே. உயிருள்ள தசை தனக்கென இரத்தக் குழாயோடு வந்து, வெற்றிடத்தை நிரப்பி, கிருமியை அழிக்கும் கலங்களையும் மருந்தையும் அவ்விடத்துக்குக் கொண்டுசேர்க்கின்றது.

1997இல் வட கரோலினாவைச் சேர்ந்த லூயிஸ் ஆர்ஜென்ராவும் மைக்கல் மோரிக்வாஸும் ஆறாத காயங்களுக்கு வேறொரு முறையை வெளியிட்டனர். காயத்தினுட் கடற்பஞ்சு போன்ற நுரைத்துண்டை வைத்து, மேலே ஒட்டும் தாளால் காற்றுப் புகாதபடி மூடி, குழாயொன்றினால் உள்ளிருக்கும் நீரை உறிஞ்சியெடுப்பதே அது. வளியமுக்கத்தைவிட 125 மில்லிமீற்றர் இரச அளவு குறைந்த அமுக்கம் பெரும்பாலும் கையாளப்படுகின்றது. தேங்கும் நீர் வெளியேறுகின்றது, வீக்கம் தணிகின்றது, புதிய இழையம் வளர்கின்றது, மார்பும் ஓரளவு நிலைபெறுவதால் நோயாளி எழுந்து நடக்க முடிகின்றது. இது விரைவில் மார்புக் காயங்களுக்கும் பயன்படுத்தப்பட்டது. இருதயத்துக்கும் நுரைத்துண்டுக்கும் இடையே பாதுகாப்புப் படலம் வைக்காவிடின் இருதயச் சுவர் கிழியும் ஆபத்து உண்டு; ஆதலின் தேர்ந்த கைகளே இதனைச் செய்தல் வேண்டும். காயம் தூய்மையடைந்ததும் மீண்டும் கம்பியாற் கட்டியோ, உலோகத் தகட்டைப் பொருத்தியோ, தசையைத் திருப்பி மூடியோ சிகிச்சையை நிறைவுசெய்வர்.

இவ்வாறு மருத்துவ உலகம் ஆழ்ந்த தொற்றை வெல்லும் வழிகளைக் கண்டிருப்பினும், அவ்வழிகள் நீண்டவை; வேதனை மிகுந்தவை; பொருட்செலவு மிக்கவை. அவற்றைத் தவிர்க்கும் வழிகளோ மிக எளியவை. மூக்கிற் பூசும் களிம்பு, முதல்நாட் குளிப்பு, குறித்த நேரத்தில் ஊசி, அளந்து காக்கும் சர்க்கரை, கழுவிய கை, உறுதியான கட்டு, மறைக்காத வாய் என அவற்றை எண்ணிவிடலாம். இவற்றுள் ஒன்றுமட்டும் நோயாளியைக் காப்பதில்லை; எல்லாம் ஒன்றுசேரும்போதே காவல் முழுமையாகின்றது. சத்திரசிகிச்சைக்குச் செல்ல இருப்பவர் தம் வைத்தியரிடம் ‘என் மூக்கைச் சோதிப்பீர்களா, என் சர்க்கரை எவ்வளவில் இருத்தல் வேண்டும், காயத்தில் மாறுதல் கண்டால் எங்கே அறிவிப்பது’ என மூன்று கேள்விகளைத் தயங்காது கேட்கலாம். அவரை அழைத்துச் செல்லும் மகனோ மகளோ அவற்றுக்குக் கிடைக்கும் விடைகளை ஒரு தாளில் எழுதி, வீட்டாரனைவரும் காணும் இடத்தில் வைத்தல் மிகவும் பயனுடையது.